போர்க் கைதிகளுக்கு நஷ்டஈடு

யுத்தத்தில் சிறைப்பட்டு, சர்வதேச நியதிகளுக்கு மாறாகக் கொடுமைக்குள்ளான படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அளிக்கப்படும் தொகை. முற்காலத்தில் பணம் எதிர்த்திசையிலேயே சென்றது. ஐரோப்பாவில் கைதியானவன் மீட்புப் பணம் செலுத்தி விடுதலை பெறுவது நெடுங்கால வழக்கமாயிருக்க, ஸ்பெயினும் டச்சுக்காரரும் 1648-இல் மூன்ஸ்டர் நகரில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையே கைதிகளை அப்பணமின்றி விடுவிக்க வகை செய்தது. 1899-ஆம் ஆண்டின் ஹேக் மாநாடு கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தவேண்டும் என்று விதித்ததேயன்றி, விதியை மீறிய அரசு செய்யவேண்டிய பரிகாரம் யாது என்று கூறவில்லை. ஜெர்மானியப் பிரதிநிதிகளின் யோசனையின் பேரில் 1907-இல் சேர்க்கப்பட்ட மூன்றாம் ஷரத்து, அவ்வரசு நஷ்டஈடு செலுத்தக் கடமைப்பட்டது என்று அக்குறையைத் தீர்த்தது. ஆயினும் அதைப் பெறுவது அரசா தனிமனிதனா என்பதைச் சொல்லாது விட்டமையால், பிற்காலத்து வழக்குகள் பலவற்றிற்கும் இதுவே வித்தாயிற்று. போர்க் கைதிகள் பற்றிய 1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையொப்பமிட்டதாயினும், அதனை உறுதிசெய்யவில்லை.

இதன் பலனைச் சயாம்-பர்மா ரயில்பாதையில் காணலாம். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942-43-இல் அமைப்பதற்கு, நேச நாட்டுக் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஜப்பானியரால் ஏவப்பட்டனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொன்யு என்னுமிடத்தில் ஒருவன் எஃகு உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றொருவன் சம்மட்டியால் அடித்துப் பாறையில் துளையிட்டு, அதில் வெடிவைத்து மலையைப் பிளந்தனர்.

1951-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 14-ஆம் ஷரத்து, நேச நாடுகளும் அவற்றின் பிரஜைகளும் யுத்தம் பற்றி ஜப்பான் மேல் கொண்ட உரிமைக் கோரிக்கைகளைக் கைவிடச் செய்தது. இதற்கு ஈடாக, நடுநிலை நாடுகளிலும் ஜப்பானோடு சேர்ந்து போரிட்ட நாடுகளிலும் இருந்த ஜப்பானியச் சொத்துக்களின் மதிப்பைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக முன்னாள் கைதிகளுக்குப் பங்கிட 16-ஆம் ஷரத்து ஏற்பாடு செய்தது. பிரிட்டிஷ் கைதியொருவர்க்கு மொத்தத்தில் கிட்டியது சுமார் 76 பவுன். அமெரிக்காவோ, பகைவரிடம் பறிமுதல் செய்த சொத்திலிருந்து, போதிய உணவின்றிக் கழிந்த நாளொன்றுக்கு ஒரு டாலர் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கணக்கிட்டது. கட்டாய உழைப்புக்கும் கொடுமைக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் பின்னர் சேர்ந்தது. பசிக்கு விலை வகுத்த இக்கணக்கு சற்றே விசித்திரமானதுதான்.

மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு அதே பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் படைவீரர் அல்லராதலின், 16-ஆம் ஷரத்து அவர்களைத் தீண்டவில்லை.

கானடா 1998-இலும், பிரிட்டன் 2000-இலும், ஆஸ்திரேலியா 2001-இலும் முன்னாள் கைதிகளுள் எஞ்சிய முதியோர்க்குத் தத்தம் கஜானாவிலிருந்தே பணம் வழங்கின. பிரிட்டன் தந்தது தலைக்குப் பதினாயிரம் பவுன். குவைத் யுத்தத்திற்குப்பின் ஐக்கிய நாடுகளின் ஆணையமொன்று ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து இத்தகைய ஈடு வழங்கிற்று.