ஆசிய மொழிகளில் தொனி மாற்றம்

ஒரே ஒலிகளால் ஆன சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருளும் இறக்கிச் சொன்னால் வேறொரு பொருளும் தருமானால், அந்த மொழியைத் தொனி மொழி என்பர். சீனம், வியட்நாமியம், தாய், பர்மியம் ஆகியவை ஆசியாவின் பெரிய தொனி மொழிகள். இந்தியாவில் பஞ்சாபி, மணிப்புரி, மிசோ, போடோ ஆகியவற்றுக்கும் தொனி உண்டு. இம்மொழிகள் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது தவறு. தொனிகள் பிறக்கின்றன, பிரிகின்றன, ஒன்றோடொன்று கலக்கின்றன, அழிந்தும் போகின்றன.

தமிழ் தொனி மொழி அன்று. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரையில் ஒருவர் ‘ஓம்’ என்று இழுத்தால் தயக்கம், உயர்த்தினால் கேள்வி, வெட்டிச் சொன்னால் சம்மதம். மூன்றும் அதே ‘ஓம்’தான். நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று சொல்லும் ஓசை வேறுபாடுகளும் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்குவதில்லை. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. தோட்டத்து வாழையும் வலையில் படும் வாளையும் காதுக்கு ஒன்றே. எதைப் பற்றிய பேச்சு என்பதைக் கொண்டுதான் பிரித்தறிகிறோம். இவ்விரண்டு ஒலிகளிலும் குரல்நாண் ஒரே விதமாக அதிர்வதால், வேறுபாடு மறைந்தபோது அது குரலின் உயரத்தில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்லவில்லை.

தொனி பிறக்கும் இடம் வேறு. ‘பந்து’ என்பதன் பகரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை; ‘அம்பு’ என்பதன் பகரத்தில் அதிர்கிறது. அதிரும் மெய்யை அடுத்து வரும் உயிர் சற்றுத் தாழ்ந்த சுருதியில் தொடங்கும். எந்த மொழி பேசுபவர் வாயிலும் பொதுவாக இப்படித்தான். யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் காலப்போக்கில் மெய்யின் அதிர்வு மறைந்துவிட்டால், சொற்களைப் பிரித்துக் காட்ட அந்தத் தாழ்வு மட்டுமே எஞ்சும். லாவோஸ், தாய்லாந்து நாடுகளின் கம்மு மொழியில் இரண்டு நிலைகளையும் இன்றே கேட்கலாம். கிழக்குக் கம்முவில் கழுகுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு முதல் ககரம் அதிர்கிறதா இல்லையா என்பதுதான். மேற்குக் கம்முவில் இரண்டு ககரங்களும் ஒன்றாகி, கழுகு உயர்ந்த தொனியிலும் கல் தாழ்ந்த தொனியிலும் நிற்கின்றன.

நமக்கு அருகில் உள்ள தெளிவான சான்று பஞ்சாபி. வடமொழி வர்க்கங்களின் நான்காம் எழுத்துகள், அதாவது அதிர்வும் மூச்சும் சேர்ந்த ஒலிகள், இந்தியில் இன்றும் உள்ளன. பஞ்சாபி அவற்றை இழந்தது. குதிரையைக் குறிக்கும் சொல் இந்தியில் நான்காம் ககரத்தில் தொடங்கும். பஞ்சாபியர் முதலாம் ககரத்தில் தொடங்கி, குரலைத் தாழ்த்திச் சொல்வர். அதே ஒலிகளைத் தாழ்த்தாமல் சொன்னால் சாட்டை. உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி. சொல்லின் நடுவிலோ இறுதியிலோ இவ்வொலி மறைந்த இடத்தில் முந்திய உயிர் உயர்ந்தது. ஹகரமும் அவ்வாறே: ‘சா’ என்பதை உயர்த்திச் சொன்னால் தேநீர், சமமாகச் சொன்னால் ஆர்வம். குர்முகி எழுத்து இன்னும் பழைய மெய்களையே எழுதிக்கொண்டிருப்பதால், அதைப் படிப்பவர் எழுத்திலிருந்தே தொனியைக் கண்டுகொள்ளலாம். தெற்கே பேசப்படும் சராய்கி அந்த ஒலிகளை இழக்கவில்லை. அதில் தொனியும் தோன்றவில்லை. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதைவிடச் சிறந்த பாடம் இத்துறையில் இல்லை.

இந்த வரலாற்றுக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே ஓத்ரிக்கூர். வேளாண்மை படித்து, தாவரவியல் வழியாக மொழியியலுக்கு வந்தவர். தொனி இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி வியட்நாமியத்தைத் தாய் மொழிகளோடு சேர்த்தார் ஆன்ரி மாஸ்பெரோ. ஓத்ரிக்கூர் 1954இல் அதை மறுத்தார். வியட்நாமியம் தொனியற்ற கெமர் மொழியின் உறவு. அதன் தொனிகள் பின்னால் வந்தவை என்றார். கெமர் மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல் இறுதியில் ஹகர ஒலி கொண்டது. வியட்நாமியத்தில் அவ்வொலி போய், அதன் இடத்தில் ஒரு தொனி நிற்கிறது. இறுதி மெய்கள் மறைந்ததால் மூன்று தொனிகள் வந்தன. பின்னர் முதல் மெய்களின் அதிர்வு மறைந்ததால் அவை ஆறாயின. மேகாலயாவின் காசி மொழியும் இதே குடும்பம்தான். அதற்குத் தொனி இல்லை.

சீனத்தின் பழைய நான்கு தொனிகளில் ஒன்று இறுதிச் சகரத்திலிருந்து வந்தது என்பதும் ஓத்ரிக்கூரின் கருத்து. பௌத்த மொழிபெயர்ப்புகள் இதற்குத் துணை நிற்கின்றன. வாரணாசியின் பெயரைச் சீனத்தில் எழுதியவர்கள், ‘ணாசி’ என்ற பகுதிக்கு அந்தத் தொனி கொண்ட எழுத்தையே பயன்படுத்தினர். அவர்கள் காலத்தில் அதில் சகரம் ஒலித்திருக்க வேண்டும்.

குர்முகியைப் போலத் தாய் எழுத்தும் பழைய மெய்களைக் காட்டுகிறது. அது பல்லவர் எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்தது. காஞ்சியின் கிளை என்றே சொல்லலாம். அதில் இரண்டாம் ககரமும் மூன்றாம் ககரமும் தனித்தனி எழுத்துகள்; இன்று இரண்டுக்கும் ஒலி ஒன்றே. ‘கா’ என்பதை முன்னதில் எழுதினால் ஏறும் தொனியில் கால்; பின்னதில் எழுதினால் சமத் தொனியில் சிக்கிக்கிடத்தல். 1292ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்படும் ராம்கம்ஹேங் கல்வெட்டில் தொனிக்குறிகள் இரண்டே, இன்று நான்கு.

பிரிவதுபோல் இணைவதும் உண்டு. வட சீனப் பேச்சில் குறுகி முடியும் பழைய தொனி மற்றத் தொனிகளுக்குள் கரைந்ததை 1324இல் சோ தசிங் தொகுத்த ஒலிநூல் காட்டுகிறது. கான்டனீஸ் அதைக் காத்துவைத்திருக்கிறது. தென் வியட்நாமில் ஆறு தொனிகளில் இரண்டு ஒன்றாகி, ஐந்து ஆகிவிட்டன.

கொரிய மொழி அழிவையும் பிறப்பையும் சேர்த்தே காட்டுகிறது. 1446இல் வெளியான கொரிய எழுத்து, சொற்களின் சுருதியை எழுத்தின் பக்கத்தில் புள்ளியிட்டுக் காட்டியது. தலைநகர்ப் பேச்சில் அந்த வேறுபாடு மறைய, புள்ளிகளும் கைவிடப்பட்டன. இன்று சியோல் இளைஞர் பேச்சில் சொல் முதலில் வரும் இருவகை மெய்கள் ஒலியால் நெருங்கிவிட்டன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது அடுத்த உயிரின் சுருதி. பெற்றோர் தலைமுறையின் பேச்சும் இவர்கள் பேச்சும் ஒலிப்பதிவில் உள்ளன. ஒரு தொனி உருவாவதை ஆய்வாளர்கள் இங்கே நேரடியாக அளந்துகொண்டிருக்கிறார்கள்.