தண்டவாளத் தலைக் கடினமாக்கலில் குளிர்விக்கும் முறைகள்

சக்கரம் உருளும் தண்டவாளத் தலையைத் தூண்டல் மின்சுருளால் செஞ்சூடாக்கி, உடனே அளவறிந்து குளிர்வித்துக் கெட்டிப்படுத்துவது தலைக் கடினமாக்கலின் ஒரு முறை. வளைவுகளிலும் சரக்கு ரயில்கள் ஓயாமல் ஓடும் பாதைகளிலும் தலை விரைவில் தேய்ந்துவிடுவதே இதற்கான தேவை. சுருளினூடே தண்டவாளம் மெல்ல நகர, தலை சிவந்து ஒளிரும். அடுத்து அதன்மேல் எது பாய்கிறது, எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதில்தான் தரம் இருக்கிறது.

தண்டவாள எஃகில் கரி ஏறத்தாழ 0.7 முதல் 0.8 சதவீதம். செஞ்சூட்டில் ஆஸ்டினைட்டாக இருக்கும் இந்த எஃகு, ஆறும்போது இரும்பும் இரும்புக் கார்பைடும் மாறிமாறி அடுக்கிய பெர்லைட்டாகிறது. அடுக்குகள் நெருங்க நெருங்கக் கடினம் கூடும். அதற்கு விரைவாக ஆற வேண்டும். மிதமிஞ்சிய வேகத்தில் ஆறினாலோ மார்ட்டென்சைட் உருவாகிவிடும். அதுவும் கடினம்தான், ஆனால் சக்கரச் சுமையில் விரிசல் விடும்.

எஃகுத் தண்டவாளத்தின் வரலாறு ராபர்ட் மஷெட்டின் எஃகிலிருந்து தொடங்குகிறது. 1857-இல் இங்கிலாந்தின் டார்பி நிலையத்தில் அது பதிக்கப்பட்டது. தேனிரும்புத் தண்டவாளங்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்த இடத்தில் அது பல ஆண்டுகள் உழைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேண்ட்பெர்க் பெயரால் அறியப்பட்ட முறையில், உருட்டாலையிலிருந்து வெளிவந்த சூட்டோடேயே தலைமீது காற்றும் நீர்த்தூவலும் பாய்ச்சினார்கள். யோசனை சரியானது, காலம்தான் அதற்கு இடம்தரவில்லை.

1911-இல் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டரில் தண்டவாளம் உடைந்து ரயில் தடம்புரண்டு 29 பேர் இறந்தனர். தலைக்குள்ளே குறுக்கு வெடிப்பு வெளியே தெரியாமல் வளர்ந்திருந்தது. எஃகில் அடைபட்ட ஹைட்ரஜனே இத்தகைய வெடிப்புகளுக்கு வித்து என்பது பின்னர் தெளிவானது. 1930-களில் கனடாவின் சிட்னி ஆலையில் ஐ. சி. மேக்கி மாற்றுவழி கண்டார்: சூடான தண்டவாளங்களை மூடிய பெட்டிகளில் அடுக்கிப் பல மணி நேரம் ஆறவிடுவது. ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் கிடைத்தது. ஆனால், இப்படி ஆறிய தண்டவாளத்தைக் கடினமாக்க மறுபடியும் சூடேற்றியாக வேண்டும்.

அந்த மறுசூட்டுக்குத்தான் தூண்டல் சுருள் பொருந்தி வந்தது. 1960-களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் ‘கர்வ்மாஸ்டர்’ தண்டவாளத்தின் தலையைச் சுருளால் சூடேற்றி அழுத்தக் காற்றால் குளிர்வித்தது. பெத்லஹேம் ஸ்டீல் தண்டவாளத்தை முழுதாகச் சூடேற்றி எண்ணெயில் அமிழ்த்தியது. 2022 போரில் அழிந்த, உக்ரைனின் மரியுபோல் நகரத்து அசோவ்ஸ்தல் ஆலை, தூண்டல் சூட்டுக்குப் பின் காற்றும் நீரும் கலந்த தூவலைக் கையாண்டது.

நீரை நேரே அடிப்பது மலிவு, நம்பத்தான் முடியாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த துளி உருண்டோடுவதுபோல, செஞ்சூட்டுப் பரப்பில் நீராவிப் படலம் எழுந்து நீரை ஒட்டவிடாமல் தடுக்கும். படலம் கிழிந்த இடத்தில் மட்டும் வெப்பம் சடாரென இறங்கும். விளைவு, ஒரே தலையில் அங்கங்கே கடினம் மாறுபடும். காற்றுக்கு இந்தத் திடீர்க் குணம் இல்லை. தவிர, தலை மட்டும் சூடாகியிருக்கும்போது சூடேறாத தண்டும் அடியும் உள்ளிருந்தே வெப்பத்தை இழுப்பதால் காற்றின் மந்தம் பெரிய குறையாவதில்லை.

உருகிய எஃகை வெற்றிடத்தில் வைத்து ஹைட்ரஜனை நீக்கும் முறை பரவியதும் பெட்டிகளின் தேவை குறைந்தது. உருட்டிய சூட்டையே பயன்படுத்துவது மறுபடி சாத்தியமாயிற்று, எரிபொருளும் மிச்சம். ஜப்பானின் யவாட்டா ஆலை 1980-களில் இவ்வழியில் காற்றைக் கையாண்டது. ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸ் ஆலை தண்டவாளத்தின் தலையைப் பாலிமர் கலந்த நீரில் அமிழ்த்துகிறது. பிரான்சின் ஹயாஞ்ச் ஆலையோ தூண்டலையும் அழுத்தக் காற்றையும் விடவில்லை. ஐரோப்பியத் தரத்தில் சாதாரண ஆர்260 தண்டவாளத்தின் பிரினெல் கடினம் 260–300. கடினமாக்கிய ஆர்350எச்டி வகையில் 350–390.

இத்தனை பாடுபட்டுப் பெற்ற கடினத்தை வெல்டிங் சூடு இணைப்பின் இருபுறமும் குலைத்துவிடுகிறது. மென்மையான அந்த இடம் முதலில் பள்ளமாகும். அதனால் வெல்டிங்குக்குப் பிறகு இணைப்பை மட்டும் தூண்டலாலோ எரிவாயுவாலோ மறுபடி சூடேற்றி, தலைமீது அழுத்தக் காற்றைப் பாய்ச்சுகிறார்கள்.