ஷையான் மக்களின் தோற்றமும் அடையாளமும்

வட அமெரிக்கப் புல்வெளிகளின் குதிரைவீரர்களாகப் பெயர்பெற்ற ஷையான் மக்கள், அவ்வாழ்க்கையை மேற்கொள்வதற்கு முன் பல தலைமுறைக் காலம் ஏரிக்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் ஊர் அமைத்து வாழ்ந்தவர்கள். அவர்களது மொழி, அட்லாண்டிக் கரையிலும் பேரேரிகளைச் சுற்றியும் பரவியிருந்த அல்கோங்கிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே அவர்களின் பூர்வீகம் கிழக்கில் இருந்ததற்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் இன்றைய மினசோட்டாவில் வாழ்ந்தனர்.

துப்பாக்கி பெற்ற அண்டை இனத்தாரின் நெருக்குதலால் மேற்கே நகர்ந்தவர்கள், 18ஆம் நூற்றாண்டில் வடக்கு டகோட்டாவின் ஷையென் ஆற்றங்கரையில் குடியேறினர். அங்கு அவர்கள் அமைத்த ஊரின் தொல்லியல் களமான பீஸ்டர்ஃபெல்டில், மரச்சட்டத்தின்மேல் மண் மூடிக் கட்டப்பட்ட சுமார் 70 வட்ட வீடுகளின் தடங்களும் காவல் அகழியும் காணப்படுகின்றன. அவ்வூர் தீக்கிரையானதற்கு ஒஜிப்வே இனத்தாரின் தாக்குதலே காரணம் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் மிசூரி ஆற்றைக் கடந்து பிளாக் ஹில்ஸ் குன்றுகளை அடைந்தபோது, குதிரைகள் பெருக, பைசன் எனும் காட்டெருமை வேட்டை முதன்மை பெற்று, மக்காச்சோளச் சாகுபடி கைவிடப்பட்டு, தோல் கூடாரமே வீடாயிற்று.

இடமும் தொழிலும் மாறியும் அவர்கள் ஒரே மக்களாக நிலைத்ததற்குச் சமயமும் ஆட்சிமுறையுமே காரணம். பெரும்பான்மையினரான த்சித்சிஸ்தா பிரிவினர், ஸ்வீட் மெடிசின் என்னும் ஞானி பேர் பியூட் மலையில் பெற்றுத் தந்தவையாக நம்பும் நான்கு புனித அம்புகளைப் போற்றினர். அவர்களோடு இணைந்த, நெருங்கிய மொழி பேசிய சுத்தாய் பிரிவினர் புனித எருமைத் தொப்பியைக் கொண்டுவந்தனர். இனத்துக்குள் கொலை நிகழ்ந்தால் அம்புகளில் குருதிக்கறை படியும் என்று நம்பியதால், கொலைசெய்தவனை நாடுகடத்தி, அம்புகளைப் புதுப்பிக்கும் சடங்கை நடத்தினர். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட நாற்பத்து நால்வர் அவை அமைதியைக் காத்தது; ஊர்க்காவலும் போரும் படைச் சங்கங்களின் பொறுப்பாயின.

19ஆம் நூற்றாண்டில் வடக்கு, தெற்கு எனப் பிரிந்த பின்னரும் இப்பிணைப்பு அறவில்லை. 1864இல் சேண்ட் கிரீக்கில் அமெரிக்கப் படையினர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 150க்கும் மேற்பட்ட ஷையான், அரப்பாஹோ மக்களைக் கொன்றனர். 1884இல் வடக்குப் பிரிவினருக்கு மொன்டானாவில் ஒதுக்கீட்டு நிலம் வரையறுக்கப்பட்டது. இன்று தொப்பி மொன்டானாவிலும் அம்புகள் ஓக்லஹோமாவிலும் பாதுகாக்கப்பட்டாலும், இரண்டும் இருசாராருக்கும் பொதுவானவை. நிலத்தை இழந்தும் இனமாக நிற்கும் வலிமையை ஷையான் மக்களுக்கு அளித்தது இந்தப் பொதுமையே.