சான்றாக இருந்த கட்டி நோயானது எப்போது?

கினிப்பன்றியின் கழுத்தடியில் கெட்டியான வீக்கம் ஒன்று தட்டுப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது, விவரமறிந்த கால்நடை மருத்துவருக்கு இன்று தெளிவாகத் தெரியும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்து, உள்ளே இருப்பது சீழ்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்வார். இந்த விலங்கின் சீழ் நீர்த்து ஓடாது. பசையாகத் திரண்டு, தடித்த உறைக்குள் அடைந்து கிடக்கும். வெறும் மருந்து அந்த உறையைத் தாண்டிப் போதிய அளவு உள்ளே போகாது. ஆகவே மயக்கம் கொடுத்து, முடிந்தால் கட்டியை உறையோடு அறுத்தெடுப்பார். முடியாத இடத்தில் அகலமாகக் கீறிச் சீழை வழித்தெடுத்து, உப்புக்கரைசலால் கழுவி, தையல் போடாமல் புண்ணைத் திறந்தே விட்டு உள்ளிருந்து ஆற வைப்பார். கட்டி தாடையில் வந்திருந்தால் பல்வேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் வளரும் பற்கள் கொண்ட விலங்கு அது. வலிக்கு மருந்து தருவார், வைட்டமின் சி தருவார், தானாகத் தின்னும் வரை அரைத்த புல்லுணவைப் பீச்சாங்குழலால் ஊட்டச் சொல்வார். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை அதன் வாயில் விட மாட்டார். இந்த விதிகளில் முக்கியமானவற்றுக்கு வரலாற்றில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: கினிப்பன்றியைக் காப்பாற்றத் தேவையான அறிவு பெரும்பாலும் அதைக் காப்பாற்றும் எண்ணம் இல்லாத இடத்தில் பிறந்தது, அதனாலேயே அந்த விலங்கிடம் வந்து சேர அதற்கு நெடுங்காலம் பிடித்தது.

19-ஆம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடத்தில் கினிப்பன்றியின் வீக்கம் ஒரு நோயாகவே கருதப்படவில்லை. அது வேறொருவரின் நோய்க்குச் சான்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோயின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தபோது, அவருடைய வாதத்தைத் தாங்கி நின்றவை கினிப்பன்றிகளின் உடல்கள். நோயுற்ற திசுவை அவற்றின் தோலுக்கடியில் செலுத்தினால் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கும், உள்ளே அழுகித் திரளும், பின் நோய் உடலெங்கும் பரவும். அந்த முறை அவரோடு முடிந்துவிடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஒருவருக்குக் காசநோய் உண்டா என்ற ஐயத்தைத் தீர்க்க அவருடைய சளியைக் கினிப்பன்றிக்குள் செலுத்திச் சில வாரங்கள் காத்திருந்து, பிறகு அதை அறுத்துப் பார்த்தார்கள். தொண்டை அடைப்பானுக்கான மருந்தின் வீரியத்தையும் இந்த உடலைக் கொண்டே அளந்தார்கள். 1897-இல் பால் எர்லிக் வகுத்த முறையில், 250 கிராம் எடையுள்ள ஒரு கினிப்பன்றியை நான்கு நாளில் கொல்லும் அந்நோய்க் கிருமியின் நஞ்சின் அளவே அடிப்படை அலகு. கணு வீங்கினால் அது விடை. உயிர் போனால் அது அளவு. வீக்கத்தை ஆற்றுவது எப்படி என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஆய்வுக்கூடங்களின் கூண்டுகளில் தானாகவும் கட்டிகள் வந்தன. கழுத்து நிணநீர்க் கணுக்களில் சீழ் கோத்துக் கூட்டம் கூட்டமாகப் பரவும் நோயை 1907-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று கினிப்பன்றிகளின் புதிய நோயாக விவரித்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஜூஎபிடெமிகஸ் என்ற கிருமியே இந்த நோய்க்கு வழக்கமான காரணம். முரட்டு வைக்கோல் குத்தி வாய்க்குள் ஏற்படும் சிறு கீறல் வழியாகவும் அது உள்ளே புகும். காரணம் தெரிந்ததும் மருத்துவம் வளர்ந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆய்வுக்கூடக் கையேடுகள் சொன்ன முதன்மையான வழி வேறு: கட்டி கண்டதை ஒழித்துவிடு, கூண்டைக் கழுவு, நோயற்ற இனத்தைப் புதிதாகக் கொண்டுவா. சோதனைக்கு வேண்டியது ஒரே சீரான, தூய்மையான கூட்டம். அதில் ஒன்று குணமடைவதால் ஆராய்ச்சிக்கு எந்த லாபமும் இல்லை. குணமடைந்த விலங்கு கிருமியை ஏந்தித் திரியக்கூடும் என்பதால் நட்டம் கூட உண்டு. அவர்கள் நோக்கத்துக்குள் நின்று பார்த்தால் அது பிழையான முடிவு இல்லை. அந்த நோக்கத்துக்குள் ஒரு தனி விலங்கின் புண் ஆறுவதைப் பற்றிய அறிவு வளரக் காரணம் ஏதும் இல்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அதே 1907-இல் இன்றைய சிகிச்சையின் இன்னொரு பகுதி நார்வேயில் தற்செயலாகக் கிடைத்தது. அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும் கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்தார்கள். வெறும் தானியம் தின்ற கினிப்பன்றிகளுக்கு வந்ததோ ஸ்கர்வி. மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சியை உருவாக்க முடியாது. அந்த ஒற்றுமைதான், ஆல்பர்ட் சென்ட்-கியார்கி பிரித்தெடுத்த பொருளே அந்த வைட்டமின் என்று 1930-களில் நிறுவவும் உதவியது. கட்டி அறுத்த புண்ணுக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு: புண்ணை மூடும் கொலாஜன் நார் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது குறைந்த கினிப்பன்றிக்கு எவ்வளவு திறமையாகக் கீறிக் கழுவினாலும் புண் கூடாது. அதனால்தான் உடல்நலம் உள்ள விலங்குக்கே நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 10 மில்லிகிராமாவது தேவை என்றும், நோயுற்றதற்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாலுமியின் நோய்க்காகத் தேடியது கினிப்பன்றியின் புண்ணுக்கு மருந்தானது. ஆனால் யாரும் அதற்காக அதைத் தேடவில்லை.

பென்சிலினின் கதை இதைவிடக் கூர்மையானது. 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹவர்ட் ஃபுளோரியின் குழு எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. அந்த நான்கும் பிழைத்தன. மனிதனின் சீழ்ப்புண்களின் வரலாற்றையே மாற்றிய நாள் அது. 1943-இல் டோரதி ஹாம்ரேயும் உடன் ஆய்ந்தவர்களும் அதே மருந்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தியபோது, சிறிய அளவுக்கே அவை இறந்தன. கினிப்பன்றியில் முதலில் சோதித்திருந்தால் பென்சிலினே கைவிடப்பட்டிருக்கும் என்று அன்றிலிருந்து பலரும் சொல்லிவருகிறார்கள். சுண்டெலியைத் தேர்ந்தது அதிர்ஷ்டம் என்று ஃபுளோரியே பின்னாளில் கூறினார். இதை முழுவதுமாக ஏற்பது கடினம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1929-லேயே தன் பூஞ்சைச் சாற்றை முயலுக்கும் சுண்டெலிக்கும் செலுத்திக் கேடில்லை என்று பதிவு செய்திருந்தார். ஒரு விலங்கின் சாவு மற்ற இரண்டின் பிழைப்பை அழித்துவிட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கதை கேட்கும் கேள்வியே மனிதனைப் பற்றியது என்பதுதான்: நாம் ஒரு மருந்தை இழந்திருப்போமா? அந்த விலங்கின் சீழ்க்கட்டிக்கு இனி எதைக் கொடுப்பது என்ற கேள்வி 1943-இல் எழவேயில்லை.

அந்தச் சாவுக்கான காரணமும் சுற்றுவழியில்தான் விளங்கியது. கினிப்பன்றியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை ஒன்று உண்டு; தின்ற புல்லை அங்கே நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. பென்சிலின் அந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது. காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. மருந்து நேரடியாகக் கொல்வதில்லை, குடலின் வழியாகக் கொல்கிறது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியை 1935-லேயே பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்திருந்தாலும், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களின் குடலைப் புண்ணாக்குவது அதுதான் என்பது 1978-இல்தான் உறுதியானது. அதற்கு வழிகாட்டியவை ஹாம்ஸ்டர்களில் நடந்த சோதனைகள். மனிதக் குடலின் நோய் விளங்கியபோதுதான் கினிப்பன்றியின் பழைய சாவும் விளங்கியது. டிரைமெத்தோபிரிம்–சல்ஃபா கூட்டு மருந்து 1968-இல் மனிதருக்காகச் சந்தைக்கு வந்தது. என்ரோஃப்ளாக்சசின் 1980-களில் விலங்குகளுக்காகவே உருவானது. இவை இந்தக் குடல் தாங்கும் மருந்துகளாக நிலைபெற்ற பிறகே, கட்டியை அறுத்தபின் அச்சமின்றிக் கொடுக்க ஏதோ ஒன்று கைக்கு வந்தது.

இவ்வளவும் ஆய்வுக்கூடம் தந்த அறிவுதானே, பிறகு அதையே குறை சொல்வது நன்றிகெட்டதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்கர்வியும் பென்சிலின் நஞ்சும் சோதனை இல்லாமல் அவ்வளவு விரைவில் தெரிந்திருக்காது. ஆனால் உண்மை தெரிவது ஒன்று. அது சிகிச்சையாவது வேறொன்று. 1943-இல் கண்ட உண்மை, இந்த உடலுக்கு எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை நாள் என்ற வழிமுறையாக மாற, அந்தத் தனி விலங்கு பிழைக்க வேண்டும் என்று விரும்பும் ஒருவர் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அந்த விருப்பம் மெல்ல முளைத்தது என்பதையும் மறுக்க முடியாது. பிரிட்டனில் 1926-இல் தொடங்கிய பல்கலைக்கழக விலங்கு நல அமைப்பு 1947-இல் ஆய்வு விலங்குகளின் பராமரிப்புக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய நூல் விலங்குகளின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைப்பதை ஆய்வின் கடமையாகவே வைத்தது. ஆய்வு செய்தவர்கள் மனம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்குள் நோயாளியாக அந்த விலங்கு இல்லை, அவ்வளவே.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். 16-ஆம் நூற்றாண்டிலேயே கினிப்பன்றி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. 1554-இல் கொன்ராட் கெஸ்னர் அதை விவரித்தார். வீடுகளில் செல்லமாக வளர்ந்தது. அன்பு நானூறு ஆண்டுகளாக இருந்ததே, பின் ஏன் மருத்துவம் வளரவில்லை? இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, உடைக்கவில்லை. அன்பு மட்டும் போதாது என்பதற்கு இன்றும் சான்று உண்டு: வீட்டில் மீந்த அமாக்சிசிலினைச் செல்லப் பிராணியின் கட்டிக்குக் கொடுப்பவர் அன்பினால்தான் கொடுக்கிறார், அந்த அன்பே அதைக் கொல்லக்கூடும். ஆண்டிஸ் மலைநாட்டில் இந்த விலங்கைப் பல ஆயிரம் ஆண்டுகளாக உணவுக்காக வளர்க்கிறார்கள். அடுப்படியிலேயே உலவவிட்டு, அதன் தீனியையும் இயல்பையும் நெருங்கி அறிந்தவர்கள் அவர்கள். அங்கும் கட்டி வந்த ஒன்றைத் தனியே எடுத்து மருத்துவம் பார்ப்பதைவிடக் கூட்டத்தைக் காப்பதே முதற்கவலை; வறிய குடும்பத்தின் உணவு அது என்பதால் அதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. நெருக்கம், அன்பு, அறிவு ஆகிய மூன்றும் தனித்தனியே நெடுங்காலம் இருந்தன. அவை ஒரே இடத்தில் கூடியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறு விலங்குகளுக்கென மருத்துவர்கள் தனித்துத் தேர்ந்த பிறகு. சுவிட்சர்லாந்து 2008-இல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதையே சட்டத்தால் தடுத்தது, அந்த விலங்கின் இயல்பிலிருந்து தொடங்கிச் சிந்திக்கும் பழக்கம் சட்டம் வரை எட்டியதற்கு அடையாளம்.

ஆகவே ஒரு சின்ன விலங்கின் கழுத்துக் கட்டியைக் கீறிக் கழுவி ஆற்றுவதை அளவுக்கு மீறிய செல்லம் என்று ஒதுக்குவது சரியல்ல. காசநோயை அறியவும், தொண்டை அடைப்பான் மருந்தை அளக்கவும், ஸ்கர்வியை விளங்கிக்கொள்ளவும் அந்த உடலை நாம் பயன்படுத்தினோம். அதிலிருந்து கிடைத்த அறிவில் அதற்குரிய பங்கை அதற்குத் திருப்பித் தருவது கடமை. நம் ஊர்களிலும் இப்போது பலர் கினிப்பன்றி வளர்க்கிறார்கள். நம் கால்நடை மருத்துவப் படிப்பு மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது, அதற்கு நல்ல காரணமும் உண்டு. ஆனாலும் இந்தக் குடலுக்கு எந்த மருந்து நஞ்சு, இந்தப் புண் ஆற எந்தச் சத்து தேவை என்ற இரண்டு செய்திகளாவது ஒவ்வொரு மருத்துவருக்கும் வளர்ப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று 80 ஆண்டுகளுக்கு முன்பும் மற்றொன்று அதற்கும் முன்பும் கண்டறியப்பட்டுவிட்டன. இன்னும் ஒரு கினிப்பன்றி அவை தெரியாததால் இறந்தால், அதை அறிவின் குறை என்று சொல்ல முடியாது, அக்கறையின் குறை என்றே சொல்ல வேண்டும்.