செயலிக்குள் வந்த கணக்குப்பிள்ளை

கைபேசிச் செயலி ஒன்றில் பயனர் எந்தப் பொத்தானைத் தொட்டார், எந்தத் திரையில் சலித்து வெளியேறினார் என்று கணக்கெடுக்க, இன்று நிரலாளர் எழுத வேண்டியது சில வரிகள்தாம். அனலிட்டிக்ஸ் நிறுவனம் ஒன்றின் லைப்ரரியைச் செயலியோடு சேர்ப்பார். தொடக்கத்தில் தன் கணக்குக்கான சாவியைக் கொடுப்பார். பிறகு எண்ண விரும்பும் ஒவ்வோர் இடத்திலும் நிகழ்வின் பெயரைச் சொல்லி ஒரு வரி. மீதியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். இந்த நிலைக்கு வந்த வரலாற்றைத் தொழில்நுட்பம் படிப்படியாக மேம்பட்ட கதையாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அது வேறு கதையாகப் படுகிறது. எண்ணும் உழைப்பு குறையக் குறைய, எதை எண்ணுவது, எதற்காக எண்ணுவது என்று யோசிக்க வேண்டிய கட்டாயமும் கூடவே குறைந்துபோன கதை அது. இந்தத் துறையில் வெடித்த பெரிய சர்ச்சைகளில் பலவும் அங்கிருந்து கிளம்பியவைதான்.

வலையின் முதல் ஆண்டுகளில் கணக்கு என்று யாரும் தனியாக எடுக்கவில்லை. பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் ஒரு வரியாக லாக் கோப்பில் எழுதியது: கேட்ட கணினியின் முகவரி, நேரம், கோப்பின் பெயர், அனுப்பிய பைட்டுகள். 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் உருவாக்கிய ‘அனலாக்’ போன்ற நிரல்கள் அந்தக் கோப்பைப் படித்து அட்டவணை போட்டுக் கொடுத்தன. கணக்கு முழுமையானதல்ல. இடைநிலைச் சேமிப்பிலிருந்தே பக்கம் வாசகருக்குப் போய்விட்டால் லாக்கில் வரி விழாது. ஒரே முகவரிக்குப் பின்னால் ஓர் அலுவலகமே இருக்கலாம். ஆனால் கோப்பு தளத்துக்காரரின் வட்டிலேயே கிடந்தது. அதில் இருந்தது சர்வருக்கு இயல்பாகத் தெரிந்தது மட்டுமே. 1994இல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி வடிவமைத்த குக்கியும், அடுத்த ஆண்டு அதே நிறுவனத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்டும் இந்த எல்லையைக் கலைத்தன. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தைச் செருகி, அதை வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரவழைத்தால், வாசகரின் உலாவியே அந்த நிறுவனத்துக்குச் செய்தி சொல்லிவிடும். எண்ணும் இடம் தளத்துக்காரரின் சர்வரை விட்டு வாசகரின் கணினிக்குப் போனது இப்படித்தான்.

அதற்குள்ளேயே எச்சரிக்கை ஒன்று வந்தது. ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ‘ரியல்ஜூக்பாக்ஸ்’ என்ற பாட்டு கேட்கும் மென்பொருள், பயனர் எதைக் கேட்கிறார் என்ற விவரத்தை அவருக்கென்று ஒதுக்கிய அடையாள எண்ணோடு சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பிவந்ததை 1999இல் ரிச்சர்ட் ஸ்மித் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, திருத்தமும் வெளியிட்டது. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு செயலியும் செய்யும் காரியம்தான் அது. அன்று அதுவே நாளிதழ்ச் செய்தி.

பெரிய திருப்பம் 2005. சான் டியேகோவில் இருந்த அர்ச்சின் என்ற சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் அதன் சேவையைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சில நாட்களிலேயே புதிய பதிவுகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கும்போது ‘நமக்கு இது எதற்கு’ என்று ஒரு முறையாவது கேட்போம். இலவசத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை. கணக்கைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காத தளங்கள்கூட அந்தத் துண்டு நிரலை ஒட்டிக்கொண்டன.

2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோது இந்தப் பழக்கம் அப்படியே கைபேசிக்குள் நுழைந்தது. ஆனால் செயலியில் பக்கம் என்று ஒன்று கிடையாது. விளையாட்டில் மூன்றாம் கட்டத்தைத் தாண்டியதும், கூடையில் பொருளைப் போட்டதும் எந்தச் சர்வர் லாக்கிலும் தானாக விழாது. அதனால் அலகே மாறியது. பக்கத்தின் இடத்துக்கு நிகழ்வு வந்தது: ஒரு பெயர், அதோடு சில பண்புகள், ஒரு நேரம். 2009இல் தொடங்கிய மிக்ஸ்பேனல் என்ற அனலிட்டிக்ஸ் நிறுவனம், பக்கப் பார்வை என்ற அளவையே வீண் என்று சொல்லித்தான் சந்தையில் இடம் பிடித்தது. நிகழ்வை அனுப்புவதில் தொல்லைகள் பல. கைபேசி சுரங்கப்பாதையில் இணைப்பை இழக்கும். ஒவ்வொரு தொடுகைக்கும் ரேடியோவை எழுப்பினால் மின்கலம் தீரும். செயலி பாதியில் மூடப்படும். ஆகவே லைப்ரரி நிகழ்வுகளை முதலில் கைபேசியிலேயே வரிசையாகச் சேமிக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும், அல்லது சில வினாடிகள் கழிந்ததும், ஒரு கட்டாக அனுப்புகிறது. தோற்றால் திரும்ப முயல்கிறது. பெயர் தெரியாத பயனருக்கு ஓர் அடையாள எண்ணைத் தானே உருவாக்கிவைத்து, அவர் உள்நுழைந்ததும் பழைய நிகழ்வுகளை அவர் கணக்கோடு இணைக்க வழிசெய்கிறது. கைபேசியின் மாதிரி, இயங்குதளப் பதிப்பு, மொழி, நேர மண்டலம் ஆகியவற்றைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறது. நேர்த்தியான பொறியியல்தான், மறுக்கவில்லை. என்றாலும் இது நம் கடைக்குள் உட்கார்ந்து எழுதும் கணக்குப்பிள்ளை. பேரேடு மட்டும் வேறொருவர் பெட்டியில்.

அந்தப் பேரேட்டில் என்னென்ன சேரும் என்பதை உலகம் 2010 ஜனவரியில் பார்த்தது. ஃப்ளரி என்ற அனலிட்டிக்ஸ் நிறுவனத்தின் லைப்ரரி அப்போது ஏராளமான ஐபோன் செயலிகளில் இருந்தது. ஆப்பிளின் கூப்பர்டினோ வளாகத்துக்குள் இன்னும் வெளிவராத சுமார் 50 சாதனங்கள் சோதிக்கப்படுவதாகத் தன் தரவிலிருந்து அந்த நிறுவனம் அறிவித்தது. ஐபேடு அறிமுகமாகும் முன்பே. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒரு மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் இதைச் சொல்லிக் கொதித்தார். நிரலாளர் ஒப்பந்த விதிகளையும் ஆப்பிள் இறுக்கியது. ஜாப்ஸின் கோபத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் செயலிகளை எழுதியவர்கள் தங்கள் விளையாட்டை எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று அறியத்தான் லைப்ரரியைச் சேர்த்தார்கள். ஆப்பிளின் ரகசியத்தைத் துப்பறிவது அவர்கள் கேட்ட கேள்வியே அல்ல. கேள்வி கேட்டவர் ஒருவர், விடைகள் குவிந்த இடம் வேறு.

கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள் என்றால், முதல் மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வரும்: நாளை என்ன கேள்வி எழும் என்று இன்றே தெரியாது, அதனால் எல்லாவற்றையும் சேர்த்துவைப்பதே புத்திசாலித்தனம். இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் தானியங்கிப் பதிவு. நிகழ்வுக்குப் பெயர்கூட வைக்க வேண்டாம், திரையில் நடக்கும் எல்லாத் தொடுகையையும் லைப்ரரியே பிடித்துக்கொள்ளும். மிக்ஸ்பேனலின் அந்த வசதி, கடவுச்சொல் கட்டங்களில் இருந்ததையும் தவறுதலாக எடுத்துக்கொண்டிருந்ததாக 2018இல் அந்நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. தளங்கள் பயன்படுத்திய ரியாக்ட் என்ற இன்னொரு லைப்ரரியில் நடந்த மாற்றத்தால் மறைவான கட்டங்களின் மதிப்பு எதிர்பாராத இடத்தில் நகலாகி, வடிகட்டியைத் தாண்டிவிட்டது. சதி ஏதும் இல்லை. ஆனால் எதை எடுப்பது என்று மனிதர் பெயர் வைத்துத் தீர்மானித்திருந்தால், கடவுச்சொல்லுக்கு யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். எதிர்காலக் கேள்வி தெரியாது என்பது உண்மை. புதிய கேள்வி எழும் நாளில் புதிய நிகழ்வைச் சேர்த்துச் சில வாரம் காத்திருப்பதுதான் அதற்கான விலை. பெரும்பாலான செயலிகளுக்கு அது பெரிய விலையல்ல.

இரண்டாவது மறுப்பு வலுவானது: குற்றம் நிறுவனங்களுடையது, லைப்ரரி வெறும் கருவி. ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலி மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்து 2021இல் சமரசத்தில் முடிந்த வழக்கை இங்கே பார்க்க வேண்டும். உடல்நலத் தகவலை ரகசியமாக வைப்போம் என்று உறுதி சொன்ன செயலி, பயனர் கர்ப்பத்தின் எந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது போன்ற நிகழ்வுகளை ஃபேஸ்புக், கூகுள், ஃப்ளரி உள்ளிட்ட நிறுவனங்களின் லைப்ரரிகள் வழியே அனுப்பியது என்பது ஆணையத்தின் புகார். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. உடல்நல விவரத்தை அனுப்பக் கூடாது என்று ஃபேஸ்புக்கின் விதிமுறையிலேயே இருந்தது. ஆனால் லைப்ரரிக்கு ‘கர்ப்பம்’ என்ற பெயரும் ‘கூடை’ என்ற பெயரும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே கட்டில் போட்டு அனுப்பும். இங்கே தரவு கசிந்தது நிகழ்வின் மதிப்பில்கூட அல்ல, பெயரிலேயே. கருவிக்குக் குற்றம் இல்லை என்பது சரி. ஆனால் பெயர் வைக்கும் வேலையை ஐந்து நிமிட வேலையாக்கியது அந்தக் கருவிதான். அதை இரண்டாவது கண் பார்க்கத் தேவையில்லை என்ற மனநிலையும் அந்த எளிமையிலிருந்தே வந்தது.

பெருகிய லைப்ரரிகளை நிர்வகிக்கவே இன்னொரு லைப்ரரி பிறந்ததை இந்த வரலாற்றின் வேடிக்கை என்பேன். வகுப்பறைக்கான மென்பொருள் செய்து தோற்ற எம்.ஐ.டி. மாணவர்கள் சிலர், ஒரு முறை எழுதினால் நிகழ்வைப் பல அனலிட்டிக்ஸ் நிறுவனங்களுக்கும் பங்கிட்டு அனுப்பும் சிறு நிரலை 2012 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதுவே செக்மென்ட். 2020இல் ட்விலியோ நிறுவனம் அதை 320 கோடி டாலருக்கு வாங்கியது. பிறர் லைப்ரரியை நம்பியிருப்பதன் ஆபத்தும் அப்போதே தெரிந்தது: அதே ஆண்டு மே மாதத்திலும் ஜூலையிலும் ஃபேஸ்புக்கின் சர்வரிலிருந்து வந்த பழுதான பதிலைக் கண்டு அதன் ஐஓஎஸ் லைப்ரரி முறிந்துவிழுந்தது. ஸ்பாட்டிஃபை, பின்டரெஸ்ட் போன்ற செயலிகள் திறந்த நொடியே மூடிக்கொண்டன. ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களும் பாட்டு கேட்க முடியாமல் நின்றார்கள்.

சிறு நிரலாளருக்கு வேறு வழி இல்லை என்பது கடைசி மறுப்பு. வழி உண்டு. 2007 முதல் பிவிக் என்றும் பிறகு மட்டோமோ என்றும் வழங்கும் திறமூல மென்பொருளைச் சொந்தச் சர்வரில் நிறுவலாம். சென்னையின் ஜோஹோ 2020இல் தன் தளங்களிலிருந்து பிற நிறுவனங்களின் பின்தொடர் நிரல்களை அகற்றுவதாக அறிவித்தது. பராமரிப்புச் செலவு உண்டு, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஒற்றை ஆளாகச் செயலி எழுதுபவருக்கு அது சுமைதான். அவரும் 500 வகை நிகழ்வுகள்வரை இடம் தரும் இலவச அனலிட்டிக்ஸ் சேவையான ஃபயர்பேஸில் பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. கட்டுப்பாடுகளும் வந்துவிட்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2023இல் நிறைவேறிய இந்தியச் சட்டமும் ஒப்புதலைப் பற்றிப் பேசுகின்றன. 2021 ஏப்ரல் முதல், செயலி பயனரைப் பின்தொடர ஐபோன் அவரிடம் அனுமதி கேட்கிறது. 2024 மே முதல் ஆப்பிள், பரவலாகப் புழங்கும் லைப்ரரிகள் பலவும் தாங்கள் எடுக்கும் தரவை வகைவாரியாக ஓர் அறிக்கைக் கோப்பில் எழுதிச் சேர்க்க வேண்டும் என்கிறது. அந்தக் கோப்பில் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே ‘அனலிட்டிக்ஸ்’ என்று ஒரே சொல்லைப் போட்டாலே ஏற்றுக்கொள்ளப்படும். எந்தக் கேள்விக்கு விடை தேடி என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.