ஈயச் சிப்பாயும் வாட்டர்லூ வழக்கும்

விரலளவு உயரமேயுள்ள ஈயச் சிப்பாய் ஒருவனை மேசைமீது நிறுத்தி, மயிரிழை போன்ற தூரிகையால் அவனுக்குச் சட்டையும் வாரும் பொத்தானும் தீட்டி மகிழும் பழக்கம் மேனாட்டாரிடையே பல தலைமுறைகளாக இருந்து வருகின்றது. வளர்ந்த மனிதர் செய்யும் வேலையா இது என்று நம்மவருட் சிலர் நகைக்கலாம். ஆனால் நேயர்களே, இத்தகைய சின்னஞ்சிறு சிப்பாய்களை எங்கே நிறுத்துவது என்பதுபற்றி, ஒரு பேரரசின் முதற் சேனாபதிக்கும் ஓர் எளிய படை அதிகாரிக்கும் இடையே பெருவழக்கு மூண்டதுண்டு. அவ்வழக்கைக் கூறவே இக்கட்டுரையை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் இக்கலையின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜெர்மனி தேசத்து நியூரன்பர்க் நகரம் விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்போனது. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தை உருக்கி, தட்டையான சிப்பாய் உருக்களை வார்த்து விற்றனர். கற்பலகையில் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி அதில் உலோகத்தை ஊற்றுவது அவர்தம் முறை. அக்காலத்தில் போரில் வெற்றிமேல் வெற்றி பெற்ற பிரஷ்ய மன்னன் பிரெடரிக்கின் புகழே இவ்வியாபாரத்திற்கு வித்தாயிற்று. பின்னர் அந்நகரத்திலேயே ஹைன்ரிக்சன் என்பார் 1839இல் தொழில் தொடங்க, அவர் கைக்கொண்ட 30 மில்லிமீட்டர் உயரமே பிறர்க்கும் அளவாக அமைந்தது. ஈயலம்பமும் கப்பலும் கொண்டு வாழ்ந்த நம் நாட்டார்க்கு வெள்ளீயம் புதிதன்று. ஒரு காலத்தில் கிந்தாப் பள்ளத்தாக்கின் பெயரை உலகச் சந்தையில் ஒலிக்கச் செய்ததும் அவ்வுலோகமே.

இங்கிலாந்தில் 1893இல் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டனர். ஈயம் குறைவாகச் செலவாயிற்று, விலை இறங்கிற்று, நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர் கையிலும் பட்டாளம் வந்து சேர்ந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட இந்தியப் படை வரிசைகளில் சென்னை மாகாணத்துக் காலாட்படையினரும் இடம் பெற்றிருந்தனர். நம்மவன் லண்டன் கடைப் பெட்டியில் பொம்மையாய்ப் படுத்திருந்தான் என்பது நினைத்தற்குரிய செய்திதான். இப்பொம்மைகளுக்கு வண்ணம் பூசிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அவர்கள் பெயர் எந்தப் பெட்டியின் மீதும் அச்சிடப்படவில்லை. ஈயத்தின் நஞ்சு பிள்ளைகளுக்கு ஆகாதென்ற கருத்து வலுப்பெற, 1966இல் அந்நிறுவனம் ஈயப் பொம்மை வார்ப்பதை நிறுத்தியது.

பொம்மை பிள்ளைகள் கையை விட்டு நீங்கினாலும் பெரியோர் கையை விட்டு நீங்கவில்லை. சரித்திர காலத்துப் போர்வீரனை உள்ளது உள்ளவாறே தீட்ட முயல்வோர் சங்கங்கள் பல எழுந்தன. அவர்கள் செய்முறை பொறுமைக்குப் பெரும் பரீட்சை. வார்ப்புத் தழும்பை அரத்தால் தேய்த்து, கழுவி உலர்த்தி, அடிப்பூச்சுப் பூசி, அதன்மேல் மூல நிறத்தை ஏற்றுவர். பின் நீர்த்த கருஞ்சாயத்தைத் துணிமடிப்புகளில் ஓடவிட்டு, மேடான இடங்களுக்கு வெளிறிய நிறத்தை இழைப்பர். உருவம் சிறுக்கச் சிறுக்க நிறமும் வெளிற வேண்டும். உண்மைச் சட்டையின் நிறத்தை அப்படியே பூசினால் பொம்மை இருண்டு போகும். வெள்ளை வாரைத் தூய வெள்ளையாலும், கறுப்புத் தொப்பியைத் தனிக் கறுப்பாலும் தீட்டுபவன் இன்னும் தொழில் கற்கவில்லை என்று கொள்க.

கைத்திறன் மட்டும் போதாது, நூலறிவும் வேண்டும். 1815இல் ஆங்கிலச் சிப்பாயின் சிவப்புச் சட்டையை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் போர்வீரனின் சட்டை மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயத்தில் தோய்ந்து செங்கல் நிறமாக மங்கியிருக்கும். அதிகாரியின் சட்டையோ கொச்சினீல் என்னும் பூச்சியினின்றும் எடுத்த விலையுயர்ந்த சாயத்தால் பளபளக்கும். ஒரே படையில், ஒரே களத்தில், குண்டுக்கு மார்பு காட்டிய இருவர்க்கும் சிவப்பு இருவகை! எல்லாரையும் ஒரே சிவப்பால் பூசிவிடுபவன் அவர்களிடையே இருந்த ஏற்றத்தாழ்வை அறியாமலே அழித்துவிடுகிறான். இனி, அக்களத்தில் நின்றோர் எல்லாரும் சிவப்பும் அல்லர். வெல்லிங்டன் பிரபுவின் கீழ் நின்ற ஏறத்தாழ 68,000 பேரில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்கினரே. பிரன்ஸ்விக் நாட்டார் கறுப்புடையினர்; நாசோ நாட்டார் பச்சையுடையினர்; ஹனோவர் நாட்டாரும் டச்சு, பெல்ஜிய நாட்டாரும் மற்றையோர். லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டைத் தோட்டா தீரும்வரை காத்து நின்றது மேஜர் பேரிங் தலைமையிலான ஜெர்மானியப் படையே. மாலையில் கருநீலச் சட்டையணிந்து வந்து சேர்ந்த பிரஷ்யர் ஏறத்தாழ 50,000 பேர். இந்தக் கருநீலத்தைப் பற்றியதே நாம் கூறவந்த வழக்கு.

வில்லியம் சைபோர்ன் 1797இல் பிறந்த ஆங்கிலப் படை அதிகாரி. வாட்டர்லூச் சண்டையில் கலந்துகொண்டவரல்லர். நில அளவையிலும் நிலப்படம் வரைவதிலும் வல்லவர். 1830இல் படைத் தலைவரான ஹில் பிரபு, வாட்டர்லூக் களத்தின் மாதிரி ஒன்றை அமைக்குமாறு அவரைப் பணித்தார். மனிதர் அப்பணியைச் சடங்காகக் கருதவில்லை. மேற்கூறிய லா ஹே சாந்த் பண்ணை வீட்டிலேயே எட்டுத் திங்கள் தங்கி, மேடும் பள்ளமும் வேலியும் வழியும் அளந்தார். பின்னர், போரில் நின்று உயிர்தப்பிய அதிகாரிகளுக்குச் சுற்றுக் கடிதம் விடுத்தார். மாலை 7 மணியளவில், நெப்போலியனின் மெய்காவற்படை மேட்டின்மீது ஏறிவந்த வேளையில், உமது படை எந்நிலையில் நின்றது? எதிரே நின்ற பகைவர் அணிவகுப்பு யாது? வயலில் நின்ற பயிர் எது? இவ்வாறாகக் கேட்டு, இணைத்த நிலப்படத்தில் குறித்தனுப்புமாறும் வேண்டினார். விடையாக வந்து குவிந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கின. பெர்லின் நகரத்துப் படைத் தலைமையகத்திற்கும் எழுதிப் பிரஷ்யர் தரப்புச் செய்தியைப் பெற்றார்.

இதற்குமுன் ஒரு போரைப் பற்றி அதில் நின்றவர்களையே இவ்வளவு விரிவாக வினவியவர் அரியர். மன்னர் ஆணையும் தளபதி அறிக்கையுமே சரித்திரம் என்றிருந்த காலம் அது. சைபோர்னோ லெப்டினன்டையும் கேட்டார், காப்டனையும் கேட்டார். துப்பாக்கி தூக்கிய சாதாரணச் சிப்பாயை அவர் கேட்கவில்லை என்பது குறைதான். அந்தக் குறை அவர் காலத்தின் குறை.

1833இல் அரசாங்கம் இனிப் பணம் தருவதற்கில்லை என்று கைவிரித்துவிட்டது. சைபோர்ன் கடன்பட்டு வேலையை முடித்தார். ஏறத்தாழ 3,000 பவுன் செலவு. ஓர் அதிகாரியின் சம்பளத்திற்கு அது மலை. 1838 அக்டோபரில் லண்டன் பிக்கடில்லியில் ‘எகிப்திய மண்டபம்’ என்னும் காட்சிச் சாலையில் மாதிரி திறந்து வைக்கப்பட்டது. மைலுக்கு 9 அடி என்னும் கணக்கில், ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில், 70,000க்கு மேற்பட்ட சிறு உருக்கள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரமே உடையவை, வண்ணந் தீட்டப்பெற்று நின்றன. ஆளுக்கொரு ஷில்லிங் கொடுத்துக் கண்டு சென்றவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அப்படியிருந்தும் சைபோர்னின் கடன் தீரவில்லை.

இனி வழக்கிற்கு வருவோம். சைபோர்ன் தேர்ந்தெடுத்த நேரம் மாலை 7 மணி. அந்நேரத்தில் பிரெஞ்சுப் படையின் வலப்புறத்தில் பிளான்செனுவா என்னும் சிற்றூரில் பிரஷ்யர் வீட்டுக்கு வீடு போரிட்டுக்கொண்டிருந்தனர். பியூலோ என்னும் தளபதியின் படை மாலை நாலரை மணி முதலே களத்தில் இறங்கியிருந்தது. சீட்டன் என்பாரின் படை வெல்லிங்டனின் இடப்புறத்தே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கிடைத்த சான்றுகளின்படி சைபோர்ன் கருநீல உருக்களைத் திரளாக நிறுத்தத் திட்டமிட்டார். வெல்லிங்டனுக்கு அது உவக்கவில்லை. பிரஷ்யரை இவ்வளவு முன்னே, இவ்வளவு திரளாக வைத்தால், பார்ப்பவர் மனத்தில் வெற்றி யாருடையதாகத் தோன்றும்? படைத்துறைச் செயலாளர் பிட்ஸ்ராய் சாமர்செட் வாயிலாக மறுப்பு வந்தது. இத்தனைக்கும் 1815 ஜூன் 19ஆம் நாள் களத்தினின்றும் எழுதிய அறிக்கையில், காலத்திற் செய்த பிரஷ்யர் உதவியை வெல்லிங்டன் தாமே நன்றியோடு குறிப்பிட்டிருந்தார்! காகிதத்தில் மனமுவந்து கொடுத்த பங்கை ஈயத்தில் கொடுக்க அவர்க்கு மனம் வரவில்லை போலும்.

ஒருபுறம் பேரரசின் வீரத் தலைவர், முன்னாள் பிரதம மந்திரி. மறுபுறம் கடனில் மூழ்கிய அதிகாரி ஒருவர். அவர் உத்தியோகமும் உயர்வும் படைத்துறையின் கையில். முடிவில் சைபோர்ன் பணிந்தார். பிரஷ்ய உருக்களைக் குறைத்தும் நிலைமாற்றியும் பலகையைத் திருத்தினார். எத்தனை உருக்கள் அகற்றப்பட்டன, அவர் மனமாறித் திருத்தினாரா அச்சத்தால் திருத்தினாரா என்பவற்றில் ஆராய்ச்சியாளர் இன்றும் மாறுபடுகின்றனர். கைக்குள் வந்த சான்று ஒன்றாகவும், பலகையில் நின்ற பொம்மை வேறாகவும் ஆயிற்று என்பதே நம் கருத்து. அவரைக் கோழையென்று தூற்ற நமக்கு மனம் வரவில்லை. மேலிடத்தார் முகக்குறிப்பறிந்து கணக்கேட்டைத் திருத்தும் நிலையில் அகப்பட்ட கிராணியார் எத்தனை பேர்!

சைபோர்ன் ஓய்ந்துவிடவில்லை. 1844இல் அப்போரின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பிற்பகல் 2 மணியளவில் நடந்த குதிரைப்படைத் தாக்குதலைக் காட்டும் வேறொரு மாதிரியையும் சமைத்தார். அதில் பிரஷ்யர் சிக்கல் இல்லை. அந்நேரத்தில் அவர்கள் இன்னும் போரில் இறங்கவில்லை. 1849இல் அவர் காலமானார். முதல் மாதிரி இன்று லண்டன் செல்சியிலுள்ள தேசியப் படைக் காட்சிச் சாலையிலும், இரண்டாவது லீட்ஸ் நகரத்து அரச படைக்கலச் சாலையிலும் உள்ளன.

பொம்மைகளை நகர்த்த முடிந்தது. கடிதங்களை எவரும் நகர்த்தவில்லை. அவற்றை அவர் எரிக்காமல் கட்டிவைத்தாரே, அது பெரிது. அவர் மகன் 1891இல் அவற்றுள் ஒரு பகுதியை அச்சிட்டார். அச்சேறாமற் கிடந்தவற்றுட் பல 2004இல் நூலாயின. மூலக் கட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வேண்டுவோர் பலகையையும் கடிதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

இன்று பிளான்செனுவா சிற்றூரை மேசைமீது அமைப்போர் அதைத்தான் செய்கிறார்கள். தேவாலயத்தையும் கல்லறைச் சுவரையும் சமைத்து, லாண்ட்வேர் எனப்பட்ட பிரஷ்யக் குடிப்படையினரை வரிசை வரிசையாக நிறுத்துகிறார்கள். அவர்கள் குடிமக்களினின்றும் திரட்டப்பட்ட படை. நீண்ட கருநீல அங்கியும், முன்புறத்தில் சிலுவைச் சின்னம் பதித்த தொப்பியும் அவர்க்குரியவை. முந்தின இரவு பெய்த பெருமழையில் வழிகள் சேறாகியிருந்தன. ஆதலின் அங்கிக்குக் கருநீலம் ஏற்றி முடித்தபின், தூரிகையைத் துடைத்துவிட்டு, முழங்கால்வரை பழுப்புச் சேறும் பூசுகிறார்கள்.