லார்ட்ஸில் லால் சிங், மலையில் நம்மவர்

"கிரிக்கெட்டுக்கும் நம்ம நாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று மாணவர் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

1929-இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் பாடுபட்டுத் தேயிலை வளர்த்த காலம் அது. 1932 ஜூனில் இந்திய அணி இங்கிலாந்து போய், லார்ட்ஸில் தன் முதல் டெஸ்ட் ஆடியது. அந்த அணியில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் இருந்தார். பிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கினார். எட்டாவது விக்கெட்டுக்கு அமர் சிங்குடன் 74 ரன் சேர்த்தார். இந்தியா 158 ரன்களில் தோற்றது. லால் சிங்குக்கு அதுவே ஒரே டெஸ்ட்.

ஒரே ஆட்டம்தான், ஆனாலும் அவர் பெயர் ஸ்கோர் அட்டையில் இருக்கிறது. தேயிலை நட்ட நம்மவர் பெயர்? அதைத் தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அதுவும் வரலாறுதான்.